லேப் அண்ணாச்சி பதில்கள்: வீட்டுக்கு வீடு ஒரு கேன் ஆசிட்

போன இதழில் ஈதர் குப்பியை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அருமனைப் பக்கமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது: “இங்கே யார் வீட்டில் ஈதர் இருக்கிறது? ஃபார்மிக் ஆசிட்தான் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. அதை எழுதாமல் வேறென்னத்தை எழுதுகிறீர்?” நியாயமான ஏச்சு. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க எங்கள் குமரிப் பக்கம் வாங்கி வைக்கிற ஆசிட் அது. பட்ட இடமும் சரியான இடம்தான்.

கல்லூரி வேதியியல் லேபில் 31 வருடம் உதவியாளனாக இருந்தவன் நான். அங்கே ஃபார்மிக் ஆசிட் பூட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு பிளாஸ்டிக் தட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். எடுக்க வேண்டுமென்றால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் பஸ் பிடித்து, திருவட்டாறு தாண்டி வீட்டுக்கு வந்தால், அதே ஆசிட் ஷீட் அடிக்கிற புரையில் (கொட்டகையில்), மண்வெட்டிக்கும் பிய்ந்த செருப்புக்கும் நடுவே, பழைய சர்பத் குப்பியில் இருக்கும். அங்கே வைத்ததும் நான்தான். இந்த மாதம் வந்த கடிதங்கள் முக்கால்வாசி ஆசிட்டைப் பற்றியே என்பதால் மற்றவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 120 மூடு (மரம்) ரப்பர் உண்டு. இருபது வருடமாக வெறுங்கையால்தான் ஆசிட் கலக்குகிறேன். ஒன்றும் ஆகவில்லை. லேப்காரர்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். (குலசேகரம் வாசகர்)

அண்ணே, நீங்கள் தொடுவது ஒரு ஆசிட் அல்ல, இரண்டு. கேனில் இருப்பது ஒன்று, பாலில் ஊற்றுவது இன்னொன்று. கடையில் வாங்குவது பெரும்பாலும் 85 சதவீதம். அதில் 10 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். ஒரு மில்லி கிட்டத்தட்ட 1.2 கிராம் இருக்கும், ஆக 12 கிராம். அதில் 85 சதவீதம் என்றால் 10 கிராம் சொச்சம். லிட்டருக்கு 10 கிராம், அதாவது ஒரு சதவீதம். இருபது வருடமாக உங்கள் கையை மன்னித்துக்கொண்டு வருவது இந்த ஒரு சதவீதத் தண்ணீர்தான். அதுகூட முழு மன்னிப்பு இல்லை. விரல் இடுக்கைப் பாருங்கள், தோல் வெடித்து வெளுத்துப்போயிருக்கும். கேனில் இருப்பது அதைப்போல 85 மடங்கு. அது யாரையும் மன்னிக்காது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் இடது கெண்டைக்காலில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி, மழை விட்ட ஒரு காலை. பால் அரித்து டிஷ்ஷில் (உறைய வைக்கும் தட்டத்தில்) ஊற்றியாயிற்று, வெயில் ஏறுவதற்குள் உறைய வைக்க வேண்டும் என்ற அவசரம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு 5 லிட்டர் கேனைச் சரித்தேன். நிறைந்த கேனைச் சரித்தால் சீராக ஊற்றாது. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் குபுக் குபுக் என்று துப்பும். இரண்டாவது குபுக்கில் கொஞ்சம் காலில் தெறித்தது. தோளில் கிடந்த தோர்த்தை எடுத்துத் துடைத்துவிட்டு, பால் காத்திருக்கிறதே என்று வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வியர்வையைத் துடைக்க அதே தோர்த்தால் நெற்றியையும் துடைத்தேன். எரிச்சல் தொடங்க பத்து நிமிடம் ஆயிற்று. பார்க்கும்போது காலில் அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி ஒரு பொட்டு. மறுநாள் கொப்புளம். நெற்றி ஒரு வாரம் தோல் உரிந்தது. “லேபில் பிள்ளைகளை என்ன சத்தம் போடுவீங்க” என்றாள் வீட்டுக்காரி. அவ்வளவுதான் சொன்னாள்.

இந்த ஆசிட்டின் குணமே அதுதான். சிலசமயம் பட்ட உடனே கத்த வைக்காது. ‘ஒன்றும் இல்லை’ என்று நாம் நினைக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் தோலுக்குள் இறங்கிவிடும். பட்டது தெரிந்தால் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் தண்ணீருக்கு ஓட வேண்டும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

ஊற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வாளியில் தண்ணீர், பிறகு அதில் ஆசிட். ஒருநாளும் தலைகீழாக வேண்டாம். கேனிலிருந்து நேரே சரிக்காமல் கையால் அமுக்கும் சின்ன பம்ப் வைத்து ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையில் எடுங்கள். ட்யூபைப் போட்டு வாயால் உறிஞ்சி எடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்ட இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: எறும்பு கடித்தால் ஆப்பச் சோடா தடவச் சொல்லி மகளின் பாடத்தில் இருக்கிறது. எறும்புக் கடியும் இதே ஆசிட்தானே? அப்படியானால் கையில் ஆசிட் கொட்டினாலும் ஆப்பச் சோடா தடவலாமா? (அருமனை வாசகி)

கேள்வியில் தப்பே இல்லை அக்கா. ஆனாலும் தடவக் கூடாது. எறும்பு விடுவது கண்ணுக்குத் தெரியாத அளவு. கையில் கொட்டுவது ஒரு கரண்டி. அத்தனை ஆசிட்டின்மேல் சோடா மாவைப் போட்டால் நுரைத்துக்கொண்டு தெறிக்கும், வெந்த தோலுக்கு அது வேறு. மாவைத் தேய்க்கும்போது ஆசிட்டையும் சேர்த்து உள்ளே தேய்க்கிறோம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அடுக்களைக்குப் போய், டப்பா தேடி, மூடி திறக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிடம் கையில் தண்ணீர் விழவில்லை.

தண்ணீர்தான் மருந்து. அதுவும் ஒரு செம்பு, ஒரு குடம் கணக்கில் இல்லை. தோலானால் 15 முதல் 20 நிமிடம், குறையாமல். கண்ணானால் இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் தண்ணீர் விட, கண்ணை உருட்டி உருட்டி 15 நிமிடமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. போகிற வழியிலும் விட முடிந்தால் விடுங்கள். இந்த ஆசிட் கண்ணின் கருவிழியை நிரந்தரமாக மங்கவைத்துவிடும்.

கால் மணி நேரத் தண்ணீர் என்றால் எவ்வளவு என்று ஒருநாள் அளந்து பார்த்தேன். என் வீட்டுக் குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடம் ஆகிறது. ஆக 150 லிட்டர். நம் புரைகளில் எத்தனைக்குக் குழாய் இருக்கிறது? பால் கலக்க வைத்த இரண்டு வாளித் தண்ணீர்தான் இருக்கும். அன்றைக்கே டாங்கிலிருந்து புரை வாசல்வரை ஒரு ஓஸ் இழுத்துவிட்டேன்.

ஆப்பச் சோடாவுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. அதன் இடம் தரை. ஆசிட் தரையில் கொட்டினால் சுற்றி மணலால் அணை கட்டி, மேலே சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரை அடங்கியபின் அள்ள வேண்டும். ஒரு லிட்டர் 85 சதவீத ஆசிட்டை அடக்க ஏறக்குறைய 1.9 கிலோ ஆப்பச் சோடா தேவைப்படும். அடுக்களை டப்பா எந்த மூலைக்கு! அப்போது கிளம்பும் கரியமில வாயு 500 லிட்டருக்கு மேல், அதனால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். கருவிக்கு 0.1 சதவீதக் கரைசல் தயாரிக்க ஃபார்மிக் ஆசிட் குப்பியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்று வந்தது. குப்பி கெட்டுவிட்டதா? நைட்ரைல் கையுறை போட்டிருந்தேன், போதும்தானே? (பாறசாலை மாணவி)

கெட்டது என்று சொல்ல மாட்டேன், பிள்ளை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 98 சதவீதம் போன்ற செறிந்த ஃபார்மிக் ஆசிட் சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதையும். கிடைப்பது கார்பன் மோனாக்சைடும் தண்ணீரும். இறுக மூடிய குப்பியில் அந்த வாயு போக இடமில்லாமல் சேரும். வெயிலிலோ சூடான அறையிலோ கிடந்தால் இன்னும் வேகம். இப்படி அழுத்தம் ஏறி வெடித்த கண்ணாடிக் குப்பிகள் உண்டு. அதனால்தான் காற்றுப் போகும் மூடியோடு விற்கிறார்கள். அந்த மூடியைக் கழற்றிவிட்டு வேறு குப்பியின் இறுக்க மூடியைப் போடுகிற புத்திசாலி எல்லா லேபிலும் ஒருவர் இருப்பார்.

நாங்கள் திறக்கிற விதம் இது. குப்பியை ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள்) வைத்து, கண்ணாடிக் கதவைக் கழுத்தளவு இறக்கி, மூடிமேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்வோம். முகம் ஒரு பக்கம் இருக்கும். கால் திருப்பு மட்டும் திருப்பிவிட்டு நிறுத்திக் காது கொடுப்போம். உஸ் சத்தம் முழுதாக அடங்கியபின்தான் அடுத்த கால் திருப்பு. கோடைவிடுமுறை முடிந்து திறந்த முதல் வாரம் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டு மாதம் யாரும் திறக்காத குப்பிகள் அவை.

குளிர்ச்சிக்கு என்று ஃப்ரிட்ஜில் வைக்காதே. தூய ஆசிட் 8.4 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

கையுறை விஷயம்: மெல்லிய நைட்ரைல், செறிந்த ஃபார்மிக் ஆசிட்டை நெடுநேரம் தாங்காது. உன் 0.1 சதவீதத்துக்குச் சரி. குப்பியிலிருந்து எடுக்கும்போது பியூட்டைல் ரப்பர் கையுறைதான் நம்பகம். அது இல்லை, நைட்ரைல்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு போட்டுக்கொள். ஒரு துளி தெறித்தாலும் அந்த நிமிடமே கழற்றிப் போட்டுக் கையைக் கழுவு. பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. சுற்றி மூடிய கண்கவசம் வேண்டும்.

அப்புறம் ஒன்று. மிச்சத்தைக் கழிவுக் குப்பியில் ஊற்றுமுன் அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார். நைட்ரிக் அமிலக் கழிவோ ஹைட்ரஜன் பெராக்சைடோ இருந்தால் ஃபார்மிக் ஆசிட் அதோடு சேர்ந்து வாயுவைக் கிளப்பிக் குப்பியை உடைத்துவிடும். எங்கள் லேபில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கழிவுக் குப்பி ஒன்றின் மூடி கூரையில் போய் அடித்தது. அறையில் யாரும் இல்லை. குப்பியில் ‘கழிவு’ என்று மட்டும் எழுதியிருந்தது, எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. திங்கட்கிழமை முதல் எல்லாக் குப்பியிலும் பெயர், தேதி, ஊற்றியவரின் கையெழுத்து.

கேள்வி: பாடப்புத்தகத்தில் வரும் மெத்தனாயிக் அமிலமும் இதுவும் ஒன்றா? அடர் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் கார்பன் மோனாக்சைடு வரும் என்பதை வகுப்பில் செய்து காட்டலாமா? (மார்த்தாண்டம் ஆசிரியர்)

ஒன்றேதான் சார். புத்தகத்தில் மெத்தனாயிக், கடையில் ஃபார்மிக், புரையில் வெறும் ஆசிட். இரண்டாவதற்கு ஒரே சொல்: வேண்டாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஃபியூம் ஹூட் இல்லாத வகுப்பறையில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல. கரும்பலகையில் சமன்பாடு எழுதினால் போதும். ஸ்டோர் அறையில் இரண்டு அமிலமும் ஒரே தட்டில் அருகருகே இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

கேள்வி: கடைக்காரர் 35 கிலோ கேனிலிருந்து நாம் கொண்டுபோகிற குப்பியில் அளந்து ஊற்றித் தருகிறார். எந்தக் குப்பி நல்லது? வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கே வைப்பது? (களியக்காவிளை வாசகர்)

இந்த மாதக் கடிதங்களில் என்னைத் தூங்கவிடாத கடிதம் உங்களுடையது. கலர் குப்பி, தண்ணீர்க் குப்பி, பிராந்திக் குப்பி, இந்த மூன்றில்தான் நம் ஊர் ஆசிட் பயணம் செய்கிறது. மூன்றும் மனிதன் வாயில் வைக்கிறவை. ஆசிட்டுக்கும் தண்ணீருக்கும் பார்வையில் வித்தியாசமே கிடையாது. வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்கு, தண்ணீர்க் குப்பியில் இருப்பது தண்ணீர்தான். மணம் காட்டிக்கொடுக்கும் என்பீர்கள். தாகத்தில் முதல் மடக்கு மூக்கைக் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை.

கட்டியான வெள்ளை பிளாஸ்டிக் கேன், ஆசிட்டுக்கென்றே வாங்கினது, அதுதான் வேண்டும். இரும்பு, தகரம், அலுமினியம் ஆகாது, அரித்துவிடும். அலுமினிய டிஷ்ஷில் உறைய வைக்கிறோமே என்றால் அது ஒரு சதவீதக் கலவையும் பாலும். கேன்மேல் அழியாத மையில் ‘ஆசிட்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். பால் வெட்ட வருகிறவருக்கு எது வாசிக்கத் தெரியுமோ! எழுத்து தெரியாத பிள்ளைக்காக ஒரு மண்டையோடும் வரையுங்கள். என் படம் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்று பேத்தி சொல்கிறாள். இருந்தாலும் அவள் அதைத் தொடுவதில்லை.

வைக்கும் இடம்: வீட்டுக்குள் வேண்டாம், புரையில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள், இடுப்புக்குக் கீழே. உயரத்தில் வைத்தால் எடுக்கும்போது முகத்தில் கொட்டும். ஷீட்டுக்குப் புகை போடுகிற புகைப்புரைப் பக்கமும் வேண்டாம். தூய ஃபார்மிக் ஆசிட் சூடானால் அதன் ஆவி தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். பைக்கில் கொண்டுவரும்போது காலிடுக்கில் வைக்காமல், கேனை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்திப் பின்னால் கட்டுங்கள். ஆட்டோ என்றால் ஓட்டுநரிடம் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது ஒருமுறை வேக வைத்ததை ஏறும்போது இன்னொருமுறை வேக வைக்கும். உப்புத்தண்ணீர், முட்டை, சோடா எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, கேனில் என்ன எழுதியிருந்ததோ அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்சம்தானே, தெளிவாகத்தானே பேசுகிறான் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உணவுக்குழாயோடு நிற்கிற ஆசிட் அல்ல இது. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது உடம்புக்குள் போய் மாறுவது இந்த ஃபார்மிக் ஆசிட்டாகத்தான். மெத்தனால் குடித்தவருக்குக் கண் போவது இதனால்.

கேள்வி: விலை குறைவு என்று கந்தக ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறார்கள். செய்யலாமா? (கடையாலுமூடு வாசகர்)

உறையும். ஷீட்டில் தங்கியும்விடும். ஃபார்மிக் ஆசிட் உலரும்போதும் புகை போடும்போதும் ஆவியாகிப் போய்விடுகிறது, கந்தக ஆசிட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஷீட் பிசுபிசுக்கும், தரம் இறங்கும், உருளை மெஷினும் அரிக்கும். ஆசிட்டில் மிச்சம் பிடித்ததை எடைக்காரர் விலையில் பிடித்துக்கொள்வார். கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அதில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

கேள்வி: ஆசிட் மணம் அடித்தாலே ஆபத்தா? (வேர்க்கிளம்பி வாசகர்)

மணம் அடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க வேலை செய்யும் இடத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் 5 பங்குக்கு மேல் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 30 பங்கு ஆனால் உடனடி ஆபத்து. புரையில் அளக்கக் கருவியா வைத்திருக்கிறோம்? கண் கரித்தால் வெளியே வந்துவிடுங்கள். கேனைத் திறக்கிற வேலையைப் புரைக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள்.

கேள்வி: பாட்டா, எறும்பிலிருந்துதான் ஆசிட் எடுக்கிறார்களா? எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறுக் கூடு இருக்கிறது. (திற்பரப்பு, எட்டாம் வகுப்பு)

இப்போது தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள் மக்ளே. ஆனால் முதலில் கண்டுபிடித்தது எறும்பில்தான். 1671-இல் ஜான் ரே என்கிற இங்கிலாந்துக்காரர், நிறைய எறும்புகளைப் போட்டுக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த புளிப்புத் தண்ணீரைப் பற்றி எழுதினார். லத்தீன் மொழியில் எறும்புக்கு ஃபார்மிகா என்று பெயர், ஆசிட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் மாமரத்து முசுறுவிடமும் அதே ஆசிட் உண்டு. கூட்டுக்குக் கீழே நின்று ஒரு வெள்ளைத்தாளை மடித்துக் கூட்டில் லேசாகத் தட்டிவிட்டு மணந்து பார், அப்பா புரையில் கேன் திறக்கிற மணம் லேசாக வரும். தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள். முசுறு கடிப்பதோடு விடாது, வாலைத் தூக்கிப் பீச்சும். கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அருமனை அக்காவுக்குச் சொன்னதைப் படித்துக்கொள்.